காற்பந்துக்குப் பல்லாயிரம் டாலர்... பல்கலைக்கழகக் கதவு திறக்குமா? அமெரிக்கப் பெற்றோரின் கணக்கு

வார இறுதி வந்துவிட்டால் அமெரிக்காவில் பல குடும்பங்கள் வீட்டில் இருப்பதில்லை.

காரில் 4 மணி நேரப் பயணம், சில நேரம் விமானப் பயணம். ஹோட்டல் அறை. பிள்ளைக்கு 2 நாளில் 3 ஆட்டம். திடலோரம் மடக்கு நாற்காலியில் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள். அவர்கள் கையில் ஆட்டக்காரர்களின் பெயரும் சட்டை எண்ணும் உள்ள பட்டியல்.

"அவர் நம்ம பிள்ளையைப் பார்த்தாரா, இல்லையா?"

எதிர்ப்பக்கம் நிற்கும் பெற்றோரின் மனத்தில் ஓடும் கேள்வி இதுதான். அந்த ஒரு பார்வைக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியிருப்பார்கள்.

உயர்தர இளையர் காற்பந்துக்கு ஆகும் செலவு எவ்வளவு? அதற்கு ஈடாகப் பல்கலைக்கழக உபகாரச் சம்பளம் கிடைக்கிறதா? பார்ப்போம்.

காற்பந்துக்கு ஏன் இவ்வளவு செலவு?

உலகின் பல நாடுகளில் காற்பந்து ஏழைப் பிள்ளைகளின் விளையாட்டு. ஒரு பந்து, கொஞ்சம் இடம் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. திறமையான பிள்ளைகள் சேரும் கிளப்களுக்குப் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டும். 'காசு கொடுத்தால்தான் ஆட்டம்' என்று அந்த முறையைக் குறைசொல்வோர் அங்கேயே நிறைய பேர்.

ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. சிறுவனாக இருக்கும்போது பயிற்சி கொடுத்த கிளப்புக்கு, பின்னாளில் அவன் நிபுணத்துவ ஆட்டக்காரராக ஒப்பந்தம் செய்யும்போதும் விற்கப்படும்போதும் ஒரு பங்கு போய்ச் சேரும். அது அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி. அதனால் ஏழைச் சிறுவனுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுப்பதும் கிளப்புக்கு ஒரு முதலீடுதான்.

அமெரிக்காவில் அந்த விதி நீண்டகாலமாக நடைமுறையில் இல்லை. அங்குள்ள முன்னணி லீக்கான எம்எல்எஸ், அத்தகைய இழப்பீட்டைக் கேட்கப்போவதாக அறிவித்ததே 2019இல்தான். நூற்றுக்கணக்கான சாதாரண கிளப்களுக்கு இன்றும் வருமானம் என்றால் அது பெற்றோர் கட்டும் பணம்தான். பயிற்றுவிப்பாளரின் சம்பளம், திடல் வாடகை, நடுவர் கட்டணம் எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும்.

பள்ளி அணியில் ஆடினால் போதாதா?

அமெரிக்கக் காற்பந்து, அதாவது தலைக்கவசம் அணிந்து ஆடும் விளையாட்டில், பள்ளி அணியில் பெயர் எடுத்தால் பல்கலைக்கழகங்கள் தேடி வரும். நம் காற்பந்தில் கதை வேறு.

பள்ளிப் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். ஆட்டத்தின் தரமும் ஊருக்கு ஊர் மாறும். பயிற்றுவிப்பாளரின் பார்வையில் யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு மாணவியைப் பார்க்க ஒரு பள்ளிக்குப் போவதா? அல்லது ஒரே வளாகத்தில் 2 நாளில் பல நூறு பேரைப் பார்ப்பதா?

அதனால்தான் பெரிய லீக்குகளும் அவை நடத்தும் 'ஷோகேஸ்' போட்டிகளும் முக்கியமாகிவிட்டன. பெண்களுக்கு இசிஎன்எல் லீக் 2009இல் தொடங்கியது. ஆண்கள் பிரிவு 2017இல் வந்தது. அமெரிக்கக் காற்பந்துச் சங்கம் நடத்திவந்த டெவலப்மென்ட் அகாடமி 2020இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆண்களுக்கு எம்எல்எஸ் நெக்ஸ்ட், பெண்களுக்கு கேர்ள்ஸ் அகாடமி ஆகியவை தொடங்கின.

பல்கலைக்கழக விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, முதல் பிரிவுப் பயிற்றுவிப்பாளர்கள் ஒரு மாணவரிடம் நேரடியாகப் பேசத் தொடங்கக்கூடிய நாள், அவர் 10ஆம் வகுப்பை முடித்தபின் வரும் ஜூன் 15. இந்த விதி வந்தது 2019இல். அதற்கு முன்னர் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பல்கலைக்கழகத்துக்கு வாய்மொழியாக 'சரி' சொன்ன காலம் இருந்தது!

விதி மாறினாலும் பயிற்றுவிப்பாளர்கள் பார்ப்பது நிற்கவில்லை. அதனால் 12, 13 வயதிலேயே 'சரியான' கிளப்பில் இடம் பிடிக்கப் போட்டி.

எவ்வளவுதான் ஆகும்?

ஆஸ்பென் கழகத்தின் 'புராஜெக்ட் பிளே' ஆய்வு, அமெரிக்கக் குடும்பங்கள் 2024இல் ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்குச் சராசரியாக 1,016 டாலர் செலவு செய்ததாகச் சொல்கிறது. 2019ஐவிட அது 46 விழுக்காடு அதிகம்.

இது எல்லா விளையாட்டுகளுக்கும், எல்லா நிலைகளுக்கும் சேர்த்துச் சொல்லும் சராசரி. உயர்தரக் காற்பந்து என்று வந்தால் தொகை எங்கேயோ போய்விடும்:

- கிளப் கட்டணம்: ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர்

- பயணம்: ஆண்டுக்குப் பலமுறை வெளிமாநிலப் போட்டி. விமானச் சீட்டு, வாடகைக் கார், சாப்பாடு. சில போட்டிகளில் ஏற்பாட்டாளர் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு

- சீருடை, காலணி: கிளப்பின் பட்டியலில் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்

- பல்கலைக்கழகங்கள் நடத்தும் பயிற்சி முகாம்கள்: ஒவ்வொன்றுக்கும் சில நூறு டாலர்

- தனிப்பயிற்சி, காணொளித் தொகுப்பு, 'உங்கள் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தின் கண்ணில் படவைக்கிறோம்' என்று சொல்லும் நிறுவனங்களுக்கான கட்டணம்

எல்லாவற்றையும் கூட்டினால் சில குடும்பங்களுக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலரைத் தாண்டுகிறது. வீட்டில் 2 பிள்ளைகள் ஆடினால் இரட்டிப்பு.

முகாம்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'உங்கள் ஆட்டம் எங்களைக் கவர்ந்தது, எங்கள் முகாமுக்கு வாருங்கள்' என்று மின்னஞ்சல் வரும். பெற்றோருக்குத் தலைகால் புரியாது. அதே மின்னஞ்சல் இன்னும் நூற்றுக்கணக்கானோருக்குப் போயிருக்கலாம். முகாம் கட்டணம் பயிற்றுவிப்பாளர் குழுவுக்கு ஒரு வருமானம். முகாமுக்கு அழைப்பது வேறு, அணிக்கு அழைப்பது வேறு.

உபகாரச் சம்பளம் கிடைக்குமா?

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம்.

என்சிஏஏ புள்ளிவிவரப்படி, உயர்நிலைப் பள்ளியில் காற்பந்து ஆடும் 100 ஆண்களில் 5 அல்லது 6 பேர்தான் என்சிஏஏ பல்கலைக்கழக அணிகளுக்குப் போகிறார்கள். முதல் பிரிவுக்குப் போவது ஏறக்குறைய ஒருவர். பெண்களில் 100க்கு 7 பேர் ஏதோ ஒரு பிரிவில் ஆடுகிறார்கள். முதல் பிரிவில் 2 பேர் சொச்சம்.

பெண்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். அதற்குக் காரணம் கல்வியில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற 1972ஆம் ஆண்டின் 'டைட்டில் நைன்' சட்டம். ஆண்களின் அமெரிக்கக் காற்பந்து அணிக்கு ஏராளமான இடங்களை ஒதுக்கும் பல்கலைக்கழகம், பெண்களுக்கும் ஈடாக இடம் கொடுக்க வேண்டும். அதனால் முதல் பிரிவில் ஆண்கள் காற்பந்து அணிகளைவிடப் பெண்கள் அணிகள் அதிகம்.

சரி, அணியில் இடம் கிடைத்துவிட்டது. முழு உபகாரச் சம்பளம் உறுதிதானே?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

2025 வரை இருந்த விதிப்படி, முதல் பிரிவில் ஓர் ஆண்கள் அணிக்கு மொத்தம் 9.9 முழு உபகாரச் சம்பளம்தான். பெண்கள் அணிக்கு 14. அதுதான் உச்சவரம்பு. அதைப் பயிற்றுவிப்பாளர் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார். 28 பேர் இருக்கும் அணியில் சமமாகப் பிரித்தால் ஆண்களுக்கு ஆளுக்கு 35 விழுக்காடு, பெண்களுக்கு 50 விழுக்காடு. நடைமுறையில் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்குப் பெரிய பங்கு. கடைசி இருக்கையில் இருப்பவருக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளமே கொடுப்பதில்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட 8 ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் கொடுப்பதில்லை. அங்கே கிடைப்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்த நிதியுதவி மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு குடும்பம் மகனின் 10 வயதிலிருந்து 17 வயதுவரை ஆண்டுக்கு 7,000 டாலர் செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஆண்டுகளில் 56,000 டாலர். அதே பணத்தை ஆண்டுக்கு 5 விழுக்காடு தரும் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் சுமார் 70,000 டாலர் ஆகியிருக்கும்.

இப்போது மறுபக்கம். மகனுக்கு அதிர்ஷ்டம், முதல் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. ஆண்டுக்கு 45,000 டாலர் ஆகும் பல்கலைக்கழகம், 35 விழுக்காடு உபகாரச் சம்பளம். ஆண்டுக்கு 15,750 டாலர். 4 ஆண்டுகளுக்கு 63,000 டாலர்.

அதாவது, வெற்றி பெற்ற குடும்பத்துக்கே போட்ட பணம்தான் திரும்ப வந்திருக்கிறது. வெற்றி பெறாத மற்றவர்களின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

"எங்கள் கிளப்பிலிருந்து ஆண்டுதோறும் இத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள்" என்று கிளப்கள் பட்டியல் போடும். அது பொய்யல்ல. பெரிய லீக்கில் ஆடுவோரின் வாய்ப்பு, பள்ளியில் மட்டும் ஆடுவோரின் வாய்ப்பைவிட நிச்சயம் அதிகம். ஆனால் அந்த கிளப்கள் முதலிலேயே வட்டாரத்தின் சிறந்த பிள்ளைகளைத்தானே தேர்ந்தெடுத்தன? பிள்ளையின் திறமை எவ்வளவு, கிளப்பின் பங்கு எவ்வளவு என்பதைப் பட்டியல் சொல்லாது.

2025இல் என்ன மாறியது?

கல்லூரி விளையாட்டாளர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கில் எட்டப்பட்ட சமரசத்துக்கு 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு 9.9, 14 என்ற உச்சவரம்பு இப்போது இல்லை. அதற்குப் பதிலாக அணியில் 28 பேர் மட்டுமே இருக்கலாம். விரும்பினால் 28 பேருக்கும் முழு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 'கொடுக்கலாம்' என்பதுதான் விதி, 'கொடுக்க வேண்டும்' அல்ல. அதே சமரசம் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் அனுமதித்தது. முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை சுமார் 20.5 மில்லியன் டாலர். அதில் பெரும்பங்கு, வருமானம் ஈட்டித் தரும் அமெரிக்கக் காற்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. காற்பந்துக்குக் கூடுதல் பணம் வரும் என்று எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

முன்பு 30க்கும் மேற்பட்டோரை வைத்திருந்த அணிகள் ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. 'உபகாரச் சம்பளம் வேண்டாம், அணியில் இருந்தால் போதும்' என்று வந்தவர்களுக்குத்தான் முதல் அடி.

போட்டியும் கடுமையாகிவிட்டது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களுக்கான இணையப் பதிவு 2018இல் வந்தது. ஆண்கள் முதல் பிரிவில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாட்டு மாணவர்கள். 17 வயது அமெரிக்க மாணவன் போட்டியிடுவது பக்கத்து ஊர்ப் பையனோடு மட்டுமல்ல. ஐரோப்பிய கிளப்பின் இளையர் அணியில் வளர்ந்த 20, 21 வயது ஆட்டக்காரரோடும்தான்.

அப்படியென்றால் அந்தப் பணம் எதைத்தான் வாங்குகிறது?

சில குடும்பங்களைப் பொறுத்தவரை அது வாங்குவது உபகாரச் சம்பளத்தை அல்ல. பல்கலைக்கழகத்தில் ஓர் இடத்தை.

புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பயிற்றுவிப்பாளர்கள், தங்களுக்கு வேண்டிய விளையாட்டாளர்களின் பெயரை மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை குறித்து நடந்த வழக்கில் வெளியான தரவு ஒன்று பலரைத் திடுக்கிட வைத்தது. அங்கே விண்ணப்பித்த, பயிற்றுவிப்பாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டாளர்களில் சுமார் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. பெற்றோர் படித்தது, நன்கொடை, விளையாட்டு என எந்தச் சலுகையும் இல்லாத மற்ற விண்ணப்பதாரர்களில் 100க்கு 6 பேருக்கும் குறைவாகவே கிடைத்தது.

அந்த இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2019இல் அம்பலமான மாணவர் சேர்க்கை லஞ்ச ஊழல் காட்டியது. போட்டிகளில் காற்பந்தே ஆடாத ஒரு மாணவி, காற்பந்தாட்டக்காரர் என்ற பெயரில் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார். அதற்காக அவரது குடும்பம் இடைத்தரகருக்குக் கொடுத்தது 1.2 மில்லியன் டாலர். அந்தப் பெண்கள் அணியின் அப்போதைய பயிற்றுவிப்பாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதை நேர்மையாகச் செய்ய நினைக்கும் வசதியான குடும்பங்களுக்குக் காற்பந்து ஒரு நீண்டகால முதலீடு. ஆண்டுக்கு 90,000 டாலர் கட்டணத்தைச் சமாளிக்கக்கூடியவர்களுக்கு உபகாரச் சம்பளம் இரண்டாம் பட்சம். உபகாரச் சம்பளத்தை நம்பிக் கடன் அட்டையில் பயணச் செலவைத் தேய்க்கும் குடும்பத்துக்கும் அதே திடல்தான், அதே ஆட்டம்தான். ஆனால் இருவரும் வாங்க நினைப்பது வேறு வேறு.

பிள்ளை கொடுக்கும் விலை

கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு.

ஒரே விளையாட்டில் மட்டும் கவனம் செலுத்துவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. வாரத்தில் 1, 2 நாள் ஓய்வு, ஆண்டில் மொத்தம் 3 மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருப்பது ஆகியவையும் அதன் ஆலோசனை. ஆண்டு முழுவதும் நடக்கும் கிளப் பருவத்தில் இதற்கு இடம் எங்கே? முழங்கால் தசைநார் கிழிவது பெண் ஆட்டக்காரர்களிடம் ஆண்களைவிட அதிகம் காணப்படுகிறது. 16 வயதில் அது நேர்ந்தால், பயிற்றுவிப்பாளர்கள் பார்க்க வரும் பருவமே கைநழுவிப் போகலாம்.

இன்னொன்று, மனச்சுமை. 'அப்பா, அம்மா இவ்வளவு செலவு செய்திருக்கிறார்களே' என்று நினைக்கும் பிள்ளை, 'எனக்கு ஆட்டம் பிடிக்கவில்லை' என்று எப்படிச் சொல்லும்?

வெளியே நிற்பது யார்?

எம்எல்எஸ் கிளப்களின் சொந்த அகாடமிகளில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே இடம் குறைவு, அவை பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த அளவில் இலவச வசதி இல்லை. சில கிளப்கள் கட்டணத்தில் சலுகை தருகின்றன. இருந்தாலும் விமானச் சீட்டுக்கும் வேலைக்கு லீவு போடுவதற்கும் யார் சலுகை கொடுப்பது?

பயிற்றுவிப்பாளர்கள் பார்க்கும் திடலுக்கு வர முடியாத பிள்ளையின் திறமை யார் கண்ணிலும் படுவதில்லை. உலகக் கிண்ணக் காற்பந்தை ஏற்று நடத்தும் நாட்டுக்கு இது சிறிய இழப்பா?

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு?

இங்கே நேரடிப் பள்ளிச் சேர்க்கை முறை இருக்கிறது. தொடக்கநிலை 6 மாணவர்கள், விளையாட்டு உள்ளிட்ட திறன்களைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் கேட்கலாம். அதைக் குறிவைத்துத் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இங்கும் உண்டு. தொகை சிறியது, கேள்வி ஒன்றுதான்: பிள்ளை ஆட்டத்துக்காக ஆடுகிறதா, இடத்துக்காக ஆடுகிறதா?

அமெரிக்காவில் படிக்க நினைக்கும் மாணவர்களுக்குக் காற்பந்து ஒரு வழியாக இருக்கலாம். அதற்கு அங்குள்ள கிளப்பில் ஆடியிருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல காணொளி, நல்ல மதிப்பெண், என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு ஆகியவை அடிப்படை. தேசிய சேவை முடித்துப் போகும் ஆண்கள், அந்த ஆண்டுகள் தகுதிக் கணக்கில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- உபகாரச் சம்பளம் கிடைக்காமல் போனாலும் இந்தச் செலவை வருத்தமில்லாமல் ஏற்க முடியுமா?

- கிளப் காட்டும் பட்டியலில் எத்தனை பேர் எந்தப் பிரிவுக்குப் போனார்கள்? அதில் எத்தனை பேருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது?

- அதே நேரத்தைப் படிப்பில் போட்டால் கிடைக்கும் கல்வி உதவி எவ்வளவு? மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் பணம் வருவது அந்த வழியில்தான்

- காயம் பட்டு ஆட முடியாமல் போனாலும் பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புமா?

- நாளை முதல் எந்தப் பயிற்றுவிப்பாளரும் பார்க்க வரமாட்டார் என்றால், பிள்ளை அப்போதும் காலணியை மாட்டிக்கொண்டு திடலுக்குப் போகுமா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், செலவழித்த பணத்துக்கு ஏற்கெனவே ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. நண்பர்கள், உடல்நலம், தோற்றால் எழுந்து நிற்கும் பழக்கம். உபகாரச் சம்பளம் வந்தால் அது கூடுதல் லாபம்.

'இல்லை' என்று வந்தால், அதைப் பிள்ளையின் 11 வயதில் தெரிந்துகொள்வது 17 வயதில் தெரிந்துகொள்வதைவிட மேல்.